பெட்டிக்குள் வெண்ணெய்

2024 இலையுதிர்காலத்தில் மாஸ்கோவின் சில கடைகளில், விலை ஏறித் திருடுபோகத் தொடங்கிய வெண்ணெயைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் பூட்டி விற்றார்கள். எங்கள் தெருமுனைக் கடையிலும் அப்படித்தான். கல்லாவில் இருக்கும் பெண் திறந்து கொடுக்க வேண்டும். அதுவரை விலையுயர்ந்த மதுப்புட்டிக்குத்தான் அந்த மரியாதை கிடைத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு விலை ஏறியது முட்டை. அதற்காக, 2023 டிசம்பரில் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலேயே புதின் மன்னிப்புக் கேட்டார்.

இங்கே அரசியலைக் கடை அலமாரியில்தான் படிக்கிறேன். வாய்விட்டுப் பேசுவதைவிட அது பத்திரம். ராணுவத்தைப் பற்றிப் 'பொய்த்தகவல்' பரப்பினால் 15 ஆண்டுவரை சிறை என்று 2022 மார்ச்சில் சட்டம் வந்தது. எங்கள் மாடியில் போருக்குப் பெயர் கிடையாது. 'அது' என்போம்.

எதிர்வீட்டுப் பாட்டி ஓய்வூதியக்காரர். 2024 அக்டோபரில் மத்திய வங்கி வட்டியை 21 சதவீதமாக்கியபோது, சேமிப்பையெல்லாம் வைப்புநிதியில் போட்டுவிட்டு, வங்கித் தலைவர் நபியுல்லினாவைத் தங்கமான பெண் என்றார். அவர் மகனுக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே எரியும். புது வீட்டுக்கு அரசு மானியத்தில் 8 சதவீதத்துக்குக் கிடைத்த கடன் அந்த ஜூலையிலேயே நின்றுவிட்டது; இனி வாங்கினால் இந்த உயர்ந்த வட்டிதான். நாற்பது வயதிலும் அம்மாவோடு இரண்டறை வீட்டில் இருக்கிறார். நான் பார்த்தவரை ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் நேருக்கு நேர் உட்காருவது அந்தச் சமையலறையில்தான்.

வட்டி ஏன் அந்த உயரத்துக்குப் போனது? 2025 வரவு செலவுத் திட்டத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ராணுவத்துக்கு. ஆயுத ஆலைகள் ஆட்களை இழுத்துக்கொள்ள, மற்ற முதலாளிகளும் சம்பளத்தைக் கூட்ட வேண்டியதாயிற்று. கையில் காசு புரண்டது, வாங்கப் பொருள் அந்த அளவுக்குப் பெருகவில்லை; விலை ஏறியது, அதை அடக்கத்தான் வட்டி.

2025 ஆகஸ்டில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்கும் கட்டுப்பாடு வந்தது. திருநெல்வேலியிலிருந்து பேசும் அம்மாவின் குரல் பாதியில் அறுந்துபோகும். "அவங்க எண்ணெயத்தான நம்ம நாடு வாங்குது, பெறகு போன் மட்டும் ஏன்டே கெடைக்க மாட்டேங்கு?" என்றாள். 2022க்கு முன் இந்தியா இறக்குமதி செய்த கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு அற்பம். பிறகு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அம்மாவின் கேள்விக்கு அதில் பதில் இல்லை.

போர்முனைக்கு ஒப்பந்தம் போடுபவருக்கு மாஸ்கோ நகராட்சி 19 லட்சம் ரூபிள் தருவதாக 2024 ஜூலையில் அறிவித்தது. ஒருநாள் தேநீர் குடிக்கும்போது பாட்டியின் மகன் அந்தத் தொகையைச் சொல்லி, "வீட்டுக்கு முன்பணம் ஆகும்" என்று சிரித்தார். பாட்டி சிரிக்கவில்லை. ரொட்டித் துண்டை எடுத்து, வெண்ணெயைக் கனமாகத் தடவி, அவர் தட்டில் வைத்தார்.