வாத்துகளை வரைந்த கை

அங்கிள் ஸ்க்ரூஜை உருவாக்கியது ஆர் என்று கேட்டுப் பாருங்கோ. அநேகமாக எல்லாரும் "வால்ட் டிஸ்னி" என்றுதான் சொல்லுவினம். அவையில பிழை சொல்ல ஏலாது. அட்டையில் இருந்த ஒரே பெயர் அதுதான். ஆனால் அந்தக் கஞ்சக் கிழவரை 1947 டிசம்பரில், ஒரு நத்தார்க் கதைக்காக முதன்முதல் வரைந்தவர் கார்ல் பார்க்ஸ். டக்பர்க் நகரம், உழைக்காமலே எல்லாம் கிடைக்கிற கிளாட்ஸ்டன், விசித்திரக் கருவிகள் செய்கிற கைரோ, பணக் களஞ்சியத்தை உடைக்கத் திரியும் பீகிள் பாய்ஸ், சூனியக்காரி மெஜிக்கா எல்லாமே அவருடைய கையில் பிறந்ததுகள்தான். டொனால்ட் டக் மட்டும் அவருக்கு முன்னரே திரையில் இருந்தது.

எங்களில் ஒருத்தியின் மாமா கனடாவில் இருந்து வரும்போது இரண்டு தடித்த தொகுதிகள் கொண்டுவந்தார். அதில் தொடங்கினதுதான் எங்கட வாத்துப் பைத்தியம். ஒருவர் வாசித்து முடிக்கும் வரைக்கும் மற்றவர் பொறுக்க மாட்டார். வாசித்து முடித்தால் சண்டை. அந்தச் சண்டைகளில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் பார்க்ஸ். 1901இல் ஒரிகனில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். காது சரியாகக் கேட்காது. 1935இல் டிஸ்னி ஸ்டூடியோவில் சேர்ந்து, 1942இல் விலகி, அதன்பிறகு 1966 வரைக்கும் வீட்டில் இருந்தே கொமிக்ஸ் வரைந்தார். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. கையெழுத்துப் போட முடியாது. ஆனாலும் பிள்ளைகள் கண்டுபிடித்து விட்டார்கள். பல பேர் வரைந்த வாத்துக் கதைகளில் ஒருவருடையது மட்டும் வேற மாதிரி இருக்கிறது என்று விளங்கி, பெயர் தெரியாத அந்த ஆளை "வாத்து வரையிற நல்ல ஆள்" என்று கூப்பிட்டார்கள். 1960இல்தான் ஒரு ரசிகர் தேடிப்பிடித்து அவருக்குக் கடிதம் எழுதினார். அப்போது பார்க்ஸுக்கு அறுபது வயது ஆகப்போகிறது.

அவர் ஏன் "நல்ல ஆள்" என்று தெரிய ஒரு கதை போதும். 1949இல் வந்த 'லொஸ்ட் இன் தி அண்டீஸ்'. அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலைக்கு நாலாவது உதவியாளாக இருக்கும் டொனால்ட், அங்கே இருந்த ஒரு சதுரக் கல்லைக் கீழே போட்டுவிடுகிறது. பார்த்தால் அது கல் இல்லை, சதுர முட்டை! உடனே பெருவுக்குப் பயணம். பனிமூட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் ஒரு ஊரில் எல்லாமே சதுரம். வட்டமாக எதைச் செய்தாலும் குற்றம். அந்த மக்கள் அமெரிக்கத் தெற்குப் பக்க இழுவையோடு ஆங்கிலம் கதைக்கிறார்கள், ஏனென்றால் முன்பு வழிதவறி வந்த ஒரு பேராசிரியர்தான் அவர்களுக்குக் கற்பித்தவர். சாகிற பாடுபட்டு இரண்டு சதுரக் கோழிகளை ஊருக்குக் கொண்டு வருகிறார்கள். கடைசியில் பார்த்தால் இரண்டும் சேவல். சின்னப் பிள்ளைக்கு இது பகிடி. வேலைவெட்டி தேடி அலையிற வயதில் வாசித்தால் சிரிப்பு கொஞ்சம் தொண்டையில் நிற்கும்.

அடுத்தது டொன் ரோசா. 1951இல் கென்டக்கியில் பிறந்தவர், பொறியியல் படித்துக் குடும்பத்தின் கட்டுமானத் தொழிலில் இருந்தவர். 1987இல் வாத்து வரைய வந்தார். பார்க்ஸ் தன் கதைகளில் ஸ்க்ரூஜின் இளமை பற்றிப் போகிற போக்கில் சொன்ன துண்டுதுண்டான தகவல்களை எல்லாம் பொறுக்கி, 12 அத்தியாயங்களில் ஒரு முழு வாழ்க்கை வரலாறாக்கினார். அது 1992 தொடங்கி முதலில் டென்மார்க்கில் வந்தது, 1995இல் அமெரிக்காவில் ஐஸ்னர் விருது பெற்றது. ரோசாவின் கதைகளில் முதல் படத்துக்குள் டி.யு.சி.கே என்ற நாலு எழுத்துகள் எங்கேயாவது ஒளிந்திருக்கும். கார்ல் மாமாவுக்குக் கீனோவின் சமர்ப்பணம் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. கீனோ என்பது ரோசாவின் முதற்பெயர். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்கே எங்களுக்குள் போட்டி.

இந்த இரண்டு பேரையும் பெயரோடு எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தவை தொகுப்புகள்தான். 1983 தொடக்கம் 1990 வரை பார்க்ஸின் கதைகள் 30 பெரிய தொகுதிகளாக, பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் வந்தன. 2011 முதல் ஃபான்டாகிராஃபிக்ஸ் வண்ணத்தில் வெளியிடுகிறது, கதைகளுக்குக் குறிப்புகளும் உண்டு. ரோசாவின் 10 தொகுதிகளும் 2014க்கும் 2018க்கும் இடையில் அதே பதிப்பகத்தில் வந்தன.

தொகுப்பு என்பது பழசை அழகாகக் கட்டி விற்கிற வேலை மட்டும் இல்லை. 1953இல் 'பேக் டு தி க்ளொண்டைக்' வெளிவந்தபோது, மதுக்கடைச் சண்டையும், தன் தங்கத்தைக் களவெடுத்த கோல்டியை ஸ்க்ரூஜ் தூக்கிக்கொண்டு போகிற இடமும் பிள்ளைகளுக்கு ஒவ்வாது என்று வெட்டப்பட்டன. 1981இல் ஒரு பெரிய தொகுப்பில்தான் அந்தப் பக்கங்கள் திரும்பி வந்தன. காணாமல் போயிருந்த ஒரு பகுதியைப் பார்க்ஸே புதிதாக வரைந்து கொடுத்தார். அந்தப் பக்கங்கள் இல்லாவிட்டால் கிழவரின் மனதில் கிடக்கிற பழைய காதல் எங்களுக்கு அரைகுறையாகத்தான் விளங்கியிருக்கும்.

இனிச் சண்டைக்கு வருவோம். 2023 பெப்ரவரியில் ரோசா ஒரு செய்தி சொன்னார். அவருடைய இரண்டு கதைகளை இனி மறுபதிப்புச் செய்யப்போவதில்லை என்று டிஸ்னி முடிவெடுத்துவிட்டது. காரணம், அவற்றில் பொம்பி என்ற ஸொம்பி வருகிறது. அது பார்க்ஸ் 1949இல் வரைந்த பாத்திரம், ஆபிரிக்க மக்களைக் கேலிச்சித்திரமாக்கிய ஒரு கதையில் வந்தது.

எங்களில் ஒருவர் சொன்னார்: "சரிதானே? எங்கட ஆக்களை அப்படி வரைஞ்சிருந்தா சும்மா இருப்பமா?" நியாயமான கேள்வி. வாத்துகள் போகிற ஊர்களில் புதையல் இருக்கும், ஆனால் அங்கே இருக்கிற சனம் ஒன்றும் தெரியாத குழந்தைகள் மாதிரி இருக்கும். சிலியில் அரியல் டோர்ஃப்மானும் ஆர்மண்ட் மட்டெலாரும் 1971இலேயே இதைப் பிரித்துப் போட்டு ஒரு புத்தகம் எழுதினார்கள். 1973 இராணுவச் சதிக்குப் பிறகு அந்தப் புத்தகமே எரிக்கப்பட்டது.

ஆனால் நிறுத்தப்பட்ட கதைகளில் ஒன்று எது என்று பாருங்கோ. வாழ்க்கை வரலாற்றின் 11ஆம் அத்தியாயம். ஆபிரிக்கக் கிராமம் ஒன்றின் நிலத்துக்காக ஸ்க்ரூஜ் அடியாட்களை வைத்து அந்தக் கிராமத்தையே அழிக்கிற அத்தியாயம் அது. நேர்மையாக உழைத்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் முதன்முதலாகத் தன் நேர்மையை விற்கிறார். கூட இருந்த சகோதரிகள் முகத்துக்கு நேரே கோபித்துக்கொண்டு போகிறார்கள். உலகத்திலேயே பெரிய பணக்காரராக அவர் ஆகிற நேரத்தில், வீட்டில் அவருக்கென்று ஒருவரும் இல்லை. பொம்பி அவரைத் துரத்துகிறதும் அந்தக் குற்றத்துக்காகத்தான். இந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டால் ஸ்க்ரூஜ் வெறும் வெற்றிக்கதை. செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே புத்தகத்தில் இருந்து போய்விடும்.

ஆகவே எங்கட நிலைப்பாடு இதுதான்: கேலிச்சித்திரத்தைக் கேலிச்சித்திரம் என்று முன்னுரையில் எழுதுங்கோ, கதையை வையுங்கோ. மறைத்துவிட்டால் காயப்பட்டவர்களுக்கு நியாயம் கிடைக்காது. கம்பனிக்குத் தலையிடி குறையும், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்த முடிவை எடுக்கும்போது, வரைந்தவருக்கு அதில் ஒரு உரிமையும் இல்லை. தான் ஏன் வரைவதை நிறுத்தினேன் என்று ரோசா ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். கண் பழுதானது, மனச்சோர்வு, இவற்றோடு முக்கியமான காரணம் ஒன்று: உலகம் முழுக்கத் தன் கதைகள் திரும்பத் திரும்ப அச்சாகியும் பக்கக் கூலிக்கு மேல் உரிமைத்தொகை ஒரு சதமும் வருவதில்லை. ஐரோப்பாவில் வந்த தன் தொகுப்பின் முடிவுரையாக அதைப் போட நினைத்தார். டிஸ்னி அனுமதிக்கவில்லை. இணையத்தில்தான் வெளியிட்டார். புத்தக முதுகில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, ஆனால் உள்ளே என்ன இருக்கலாம் என்று சொல்கிற அதிகாரம் அவரிடம் இல்லை. பெயர் போடாத காலத்தில் பார்க்ஸுக்கு நடந்ததும், பெயர் போட்ட காலத்தில் ரோசாவுக்கு நடந்ததும் இந்த இடத்தில் ஒன்றுதான்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டும் வாசிக்கலாமா என்றால், கட்டாயம் வாசியுங்கோ. முதலில் சதுர முட்டை. பிறகு 1954இல் வந்த 'ட்ராலா லா'. பணமே இல்லாத ஒரு பள்ளத்தாக்கை ஒரு போத்தல் மூடி எப்படிக் கெடுக்கிறது என்று அதில் பாருங்கோ. அதன்பிறகு ஸ்க்ரூஜின் வாழ்க்கை வரலாறு. பழைய பிரதியோ புதிய பிரதியோ, கையில் கிடைத்தவுடன் முதலில் 11ஆம் அத்தியாயம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கோ.