கிளார்க் தெரு, 3541

சிகாகோவின் ரெட் லைன் ரயில் அடிசன் நிலையத்தில் நிற்கும்போது மேற்கே பார்த்தால் ரிக்லி ஃபீல்டின் பழைய ஸ்கோர் பலகை தெரியும். உள்ளூர் பேஸ்பால் அணியான கப்ஸ் ஜெயித்த நாளில் அதன் உச்சியில் வெள்ளைத் துணியில் நீல ‘டபிள்யூ’ பறக்கும். தோற்ற நாளில் நீலத் துணியில் வெள்ளை ‘எல்’. ரயிலில் போகிறவர்களும் ஆட்ட முடிவைத் தெரிந்துகொள்ளட்டும் என்று வந்த வழக்கமாம். எங்கள் கும்பலுக்கு அந்தக் கொடி வேறு காரியத்துக்குப் பயன்பட்டது. அன்றிரவு எங்கள் எதிரே வந்து உட்காரப்போகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், கிளார்க் தெரு 3541-ஆம் எண்ணில் இருந்தது ‘ஐஓ’ தியேட்டர். முதலில் ‘இம்ப்ராவ் ஒலிம்பிக்’ என்று முழுப் பெயராக இருந்ததாம். ஒலிம்பிக் கமிட்டிக்காரர்கள் ஆட்சேபித்ததில் இரண்டு எழுத்தாகச் சுருங்கிவிட்டது. கப்ஸ் ஜெயித்த இரவுகளில் நீலச் சட்டைக் கூட்டம் ஒன்று பீர் வாடையோடு உள்ளே நுழையும். “ஒரு சொல் கொடுங்கள், அதை வைத்து ஆடுகிறோம்” என்று கேட்டால் கூரை அதிர “கப்ஸ்!” என்பார்கள். அதை வைத்து என்னத்தை ஆடுவது? எனக்குப் பிடித்தவை தோற்ற இரவுகள்தான். துக்கம் கேட்க வந்தவர்கள் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். சிரிக்க ஒரு சாக்குக் கிடைத்தால் விடமாட்டார்கள். 1908-க்குப் பிறகு கோப்பையைக் கண்ணாலும் பார்க்காத அணி அது, அப்போது. ஆகவே நல்ல ஆடியன்ஸுக்குப் பஞ்சமே இல்லை.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது 2007-ன் குளிர்காலத்தில். பகலில் டவுன்டவுனில் கம்ப்யூட்டர் வேலை. சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில், அறைக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுக்கப் பயந்துதான் வகுப்பில் பெயர் கொடுத்தேன். கலைத்தாகம் என்றெல்லாம் சொன்னால் என் தோழிகளே சிரிப்பார்கள்.

அழகான கட்டடம் என்று சொல்ல மனம் வரவில்லை. கீழே மேசை நாற்காலி போட்ட ஒரு கூடம், மேலே இன்னொரு அரங்கு, குடிக்க ஒரு பார். பனிக்காலத்தில் நனைந்த கம்பளிக் கோட்டுகளின் வாடை சுவரோடு ஊறியிருக்கும். மாடிப்படியில் செருப்பு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். மேடையில் இரண்டு மூன்று நாற்காலிகள்தான் செட்டு. அந்த நாற்காலிதான் கார், கல்லறை, பல் டாக்டர் வீடு, எல்லாமும்.

இம்ப்ராவ் என்றால் எழுதாத நாடகம். வசனம் கிடையாது, ஒத்திகை உண்டு. என்னத்தை ஒத்திகை பார்ப்பீர்கள் என்று அம்மா போனில் கேட்டாள், நியாயமான கேள்வி. ஐஓவின் அடையாளம் ‘ஹெரால்ட்’ என்கிற ஆட்டம். ஆடியன்ஸ் கொடுத்த ஒரு சொல்லில் தொடங்கி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று காட்சிகள், நடுவே எல்லோரும் சேர்ந்து ஒரு விளையாட்டு, மறுபடி அதே மூன்று காட்சிகளின் தொடர்ச்சி, மறுபடி விளையாட்டு, கடைசிச் சுற்றில் எல்லாம் ஒன்றோடொன்று போய் முட்டிக்கொள்ளும். முட்டினால் அரைமணி நேரத்தில் ஒரு நாவலைப் படித்த நிறைவு; முட்டாவிட்டால் அரைமணி நேரம் வீண். இதை 1967-ல் சான் பிரான்சிஸ்கோவில் வடிவமைத்தவர் டெல் க்ளோஸ். என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய குழுவின் பியானோக்காரர் விளையாட்டாக “ஹெரால்ட்” என்றாராம், அப்படியே நின்றுவிட்டது.

ஐஓவில் டெல் க்ளோஸ்தான் குலசாமி. மாடி அரங்குக்கு அவர் பெயர். 1999-ல் இறக்கும் முன், தன் மண்டையோட்டைக் குட்மேன் தியேட்டருக்குக் கொடுத்து ஹாம்லெட் நாடகத்தில் பயன்படுத்தச் சொல்லிவிட்டுப் போனார். தியேட்டரை நடத்திய ஷார்னா ஹால்பெர்ன் ஒரு மண்டையோட்டைக் கொண்டுபோய் ஒப்படைத்தும்விட்டார். ஏழு வருடம் கழித்து, அது மருத்துவ மாணவர்களுக்கு எலும்புக்கூடு விற்கிற இடத்தில் வாங்கியது என்று வெளிவந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் தலையை எடுத்துத் தர மறுத்துவிட்டார்கள், வேறென்ன செய்வது? சீனியர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் வெட்கத்தோடு சொல்வார்கள். எனக்கென்னவோ அவர் பெயருக்குச் செய்த மிகச் சரியான அஞ்சலி அதுதான் என்று தோன்றும்.

என் குலசாமி வேறு. வயோலா ஸ்போலின். 1906-ல் இதே சிகாகோவில் பிறந்தவர். ஏழைகளுக்கும் குடியேறிகளுக்குமாக நடந்த ஹல் ஹவுஸில், நீவா பாய்ட் என்பவரிடம் விளையாட்டு வழியாகக் கற்பிக்கிற முறையைப் படித்தார். பிறகு 1930களின் கடைசியில், அரசாங்கத்தின் வேலைத் திட்டம் ஒன்றில் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கப் போனார். இத்தாலியப் பிள்ளைக்குப் போலந்துப் பிள்ளையின் பேச்சு புரியாது, இருவருக்கும் இங்கிலீஷ் தடுமாறும். பாஷை இல்லாமலே சேர்ந்து ஆடும்படி அவர் கண்டுபிடித்த விளையாட்டுகள்தான் இந்தக் கலைக்கே அஸ்திவாரம். அவர் மகன் பால் சில்ஸ், டேவிட் ஷெப்பர்டோடு சேர்ந்து 1955-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஒரு மதுக்கடையில் ‘காம்பஸ்’ குழுவைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து 1959-ல் ‘செகண்ட் சிட்டி’ தியேட்டர் வந்தது. மற்றதெல்லாம் அதன் கிளைகள். இங்கிலீஷில் கனவு காணத் தெரியாத எனக்கு இந்தச் செய்தி எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லி முடியாது. எனக்காகச் செய்த ஆட்டத்தில்தான் நான் வந்து சேர்ந்திருக்கிறேன், மற்றவர்கள்தான் விருந்தாளிகள்!

ஸ்போலின் விளையாட்டுகளில் அர்த்தமில்லாத பாஷை பேசுகிற ஒன்று உண்டு. ஒருவர் வெளிநாட்டு நிபுணராக எதையாவது உளறவேண்டும், இன்னொருவர் அதை இங்கிலீஷில் ‘மொழிபெயர்க்க’வேண்டும். நான் எதற்கு உளறவேண்டும்? நிமிர்ந்து நின்று வத்தக்குழம்புச் செய்முறையைத் தமிழில் சொன்னேன். என் ஜோடி அதை அணு உலை உருகுவதைப் பற்றிய எச்சரிக்கையாக மாற்றிக்கொண்டிருந்தான். புளியைக் கரைக்கச் சொன்னால், ஊரைக் காலி செய்யச் சொல்கிறார் என்பான். கூட்டம் அவன் பேசும்போது சிரித்தது. பின்வரிசையில் ஒரே ஒருவர் மட்டும் நான் பேசும்போது சிரித்தார். ஆட்டம் முடிந்ததும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தார். “மதுரைப் பக்கமாம்மா? சுண்டவத்தலை வறுக்கச் சொன்னீங்க, எந்த எண்ணெய்ன்னு சொல்லாமயே போயிட்டீங்களே!”

மதுரையில் நான் வளர்ந்தது டேப் ரெக்கார்டரில் சிரிப்பு வசனம் கேட்டு. ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) முழுக்க எனக்கும் தம்பிக்கும் மனப்பாடம். நகைச்சுவை என்றால் அடுத்தவன் வாயை மூடுமுன் பதிலடி கொடுப்பது என்றே நம்பியிருந்தேன். ஐஓவில் அது செல்லவில்லை. பளிச்சென்று ஒரு ஜோக் அடித்தால் ஆடியன்ஸ் சிரிக்கும். ஆனால் அந்த இடத்திலேயே காட்சி படுத்துவிடும். எதிரே நிற்கிறவர் “அண்ணா, தண்ணி உள்ள வந்திருச்சு” என்றால் தண்ணீர் வந்துவிட்டது, நான் அண்ணன்தான். அதை ஏற்றுக்கொண்டு மேலே ஒரு செங்கல் வைக்கவேண்டும். ஏற்க முதலில் காதில் விழவேண்டுமே? எங்கள் ஆசிரியை, இடையிடையே விளையாட்டை நிறுத்தி, எதிராளி கடைசியாகச் சொன்னதை அட்சரம் பிசகாமல் திருப்பிச் சொல்லச் சொல்வார். பாதிப் பேருக்கு வராது. பேசத் தெரிந்த எவ்வளவு பேர் காது இல்லாமலே காலம் தள்ளுகிறார்கள் என்பதை அங்கேதான் பார்த்தேன்.

இதைக் கற்றபின், ‘மைக்கேல் மதன காமராஜன்’ வசனத்தை எழுதிய கிரேஸி மோகனை மறுபடி கேட்டபோது வேறு ஏதோ பிடிபட்டது. அவருடைய ஆட்கள் பதிலடி கொடுப்பவர்கள் அல்ல; எதிராளி சொன்னதில் கடைசிச் சொல்லை அப்படியே பற்றிக்கொண்டு தப்பான திசையில் நடப்பவர்கள். காது கூர்மையாக இல்லாவிட்டால் அப்படித் தப்பாகக் கேட்கவும் முடியாது. எழுதி வைத்த வசனம்தான், ஆனால் உள்ளே ஓடுவது இம்ப்ராவின் ரத்தம்.

அதைவிடப் பெரிய சாட்சி ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). நாகேஷ், பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து என் அறைக்கு வந்த கூட்டத்துக்கு, சப்டைட்டில் இல்லாமல் லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். ஒரு வார்த்தை புரியாத ஏழெட்டு அமெரிக்கர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் பார்த்தது நாகேஷை அல்ல, பாலையாவை. கேட்டுக்கொண்டிருக்கும் முகம்தான் அந்தக் காட்சி. இரண்டாம் தரம் போடச் சொல்லி, பாலையாவின் கழுத்து மட்டும் என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். அடுத்த வாரம் ஒருவன் அந்தக் கழுத்தை மேடையிலேயே முயன்றான். பாவம், பாலையா பாலையாதான்.

புதன்கிழமைப் பின்னிரவு ஆட்டத்தைத் தவறவிடவே மாட்டோம். டி.ஜே. ஜகடோவ்ஸ்கி, டேவிட் பாஸ்குவேஸி, இருவர் மட்டும். ஆடியன்ஸிடம் சொல் கேட்கமாட்டார்கள். விளக்கு அணைந்து எரியும். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பார்கள். அந்தப் பார்வையிலேயே இவன் யார், அவன் யார், இருவருக்கும் நடுவே என்ன பாக்கி இருக்கிறது என்பதெல்லாம் தீர்மானமாகிவிடும். பிறகு ஒரு மணி நேரம் அவசரமே இல்லாமல் போகும். ஐந்து நிமிடம் யாரும் சிரிக்காமல் இருப்பதை அவர்கள் பொருட்படுத்தமாட்டார்கள். அந்தத் தைரியம் எனக்குக் கடைசிவரை வரவில்லை. மறுநாள் காலை அலுவலகத்தில் கண்ணெரிச்சலோடு உட்கார்ந்து, நேற்று பார்த்ததை யாரிடமாவது சொல்லலாம் என்றால் சொல்ல வராது. கதையைச் சொன்னால் ஒன்றுமே இல்லை என்று இருக்கும்.

தெருவிலேயே ஒரு பழைய புத்தகக் கடை இருந்தது. கீத் ஜான்ஸ்டனின் ‘இம்ப்ரோ’ அங்கேதான் அகப்பட்டது. 1979-ல் வந்த புத்தகம். இருவர் எதிர்ப்படும் ஒவ்வொரு கணத்திலும் ஒருவர் ஏறுகிறார், மற்றவர் இறங்குகிறார், அந்த ஏற்ற இறக்கத்தை மேடையில் காட்டினால் போதும், வசனம் தானாக வரும் என்று ஓர் அத்தியாயம் முழுக்கச் சொல்கிறார். சக மாணவர்கள் ஏதோ புதையல் கிடைத்த மாதிரி அடிக்கோடு போட்டார்கள். கல்யாணப் பந்தியில் யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்று பெரியப்பா படுகிற பாட்டைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இது புதிதா? ஆனால் ரெட் லைனில் அதைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால், பெட்டி முழுக்க நாடகம் நடந்துகொண்டிருக்கும். பையைப் பக்கத்து இருக்கையில் வைத்திருப்பவர், அதை எடுக்கச் சொல்லாமல் எடுக்க வைக்கிற கிழவி. பெரும்பாலும் கிழவிதான் ஜெயிப்பாள்.

சினிமாவுக்கு நடந்தே போவோம், சவுத்போர்ட் தெருவில் மியூசிக் பாக்ஸ் தியேட்டருக்கு. 1929-ல் கட்டியது. கூரையில் நட்சத்திரங்கள் மினுங்கும், மேகம் நகரும்; சில நாட்களில் படத்துக்கு முன் ஆர்கன் வாசிப்பார்கள். படம் பார்த்துவிட்டு வந்து தோசைக்கல் சூடாகும்வரை சண்டை போடுவோம். எங்கள் கூட்டத்துக்கு கிறிஸ்டோஃபர் கெஸ்டின் ‘வெய்ட்டிங் ஃபார் கஃப்மேன்’ (1996) வேதம். கதைச்சுருக்கத்தை மட்டும் கையில் கொடுத்து நடிகர்களைச் சொந்தமாகப் பேசவிட்டு எடுத்த படம். எனக்கும் பிடிக்கும். ஆனாலும் அது இம்ப்ராவ் இல்லை என்பதே என் கட்சி. மணிக்கணக்காகப் பேசவிட்டு, நன்றாக வந்ததை மட்டும் வைத்துக்கொள்ளலாம், கத்திரிக்கோல் காப்பாற்றுகிறது. கிளார்க் தெருவில் மோசமான பன்னிரண்டு நிமிடத்தை யாரும் வெட்டித் தரமாட்டார்கள். அதற்குள் நின்றுதான் ஆகவேண்டும், ஆடியன்ஸும் கூடவே நிற்பார்கள். ஊரில் கூத்துக் கட்டியங்காரனுக்கு அது தெரியும். விடியும்வரை தூங்குகிறவனையும் எழுப்பிச் சிரிக்கவைக்க வேண்டியவன் அவன்.

2014-ல் தியேட்டர் அங்கிருந்து கிளம்பி கிங்ஸ்பரி தெருவில் பெரிய இடத்துக்குப் போனது. வசதியான கட்டடம், படியில் செருப்பு ஒட்டாது. கொரோனாவில் அதுவும் மூடி, 2022-ல் மறுபடி திறந்தது. கிளார்க் தெருக் கட்டடத்தை 2016-ல் இடித்தார்கள். இப்போது அந்த மூலையில் அடுக்குமாடி வீடுகளும் கடைகளும். அதே 2016-ல் கப்ஸ் கோப்பையை ஜெயித்துத் தொலைத்தது. தெருவே அடையாளம் தெரியாத குதூகலத்தில் இருந்ததாகத் தோழி எழுதியிருந்தாள். நான் அதற்குள் மதுரைக்குத் திரும்பிவிட்டேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பிள்ளைகளோடு ஸ்போலின் விளையாட்டுகள்தான். தமிழில் ஒரு சௌகரியம்: ‘நீ’யிலிருந்து ‘நீங்க’வுக்கு மாறினாலே ஒரு காட்சி நடந்துவிடும். ஜான்ஸ்டனுக்கு இது கிடைக்கவில்லை. எதிராளி சொன்னதை மறுக்கக்கூடாது, ஏற்றுக்கொண்டு மேலே சேர்க்கவேண்டும் என்ற விதியை ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் கூனிக்குறுகி உட்கார்ந்து, “வாடா ராசா, நான்தான் உன் பாட்டி வந்திருக்கேன்” என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தான். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, “தெரியுது பாட்டி. நீங்க செத்துப் போனத யாரும் உங்ககிட்டச் சொல்லலையா?” என்றான்.

அன்றைக்கு அதற்குமேல் வகுப்பு நடக்கவில்லை.