டார்ட்மூர் மேட்டில் ஒரு விடுகதைப் பெட்டி



சஞ்சிகை கைக்கு வந்ததும் குறுக்கெழுத்துப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அந்த விடை கட்டத்துக்குள் முடிந்துவிடாமல், "எழுந்து வா, இன்ன மேட்டில் இன்ன கல்லிடுக்கில் காத்திருக்கிறேன்" என்று உங்களை அழைத்தால் எப்படி இருக்கும்? அப்படி அழைக்கும் விடுகதைகள் உண்டு. அவற்றின் பழைய தாயகம் ஒன்றுக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன், வாருங்கள்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்றொரு மாவட்டம். அதன் நடுவே 954 சதுர கிலோமீற்றர் பரப்பில் கிடக்கிறது டார்ட்மூர் மேட்டுநிலம். 1951இல் இது தேசியப் பூங்காவாக்கப்பட்டது. மரங்கள் குறைவு, புல்லும் புதரும் சதுப்பும்தான் கண்ணுக்கெட்டிய தூரம் வரை. குன்றுகளின் உச்சியில் கருங்கற்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தாற்போல் நிற்கும். அவற்றை அங்குள்ளவர்கள் 'டோர்' என்பார்கள். மட்டக் குதிரைகள் கூட்டமாக மேயும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனி இறங்கி, பத்தடி முன்னால் நிற்பவரைக்கூட மறைத்துவிடும்.

இந்த மேட்டின் வட பகுதியில், நடந்தே போகவேண்டிய ஓர் ஒதுக்குப்புறத்தில் கிரான்மியர் குளம் இருக்கிறது. குளம் என்பது பெயரளவில்தான். இன்று அது சதுப்பு மண் நிறைந்த ஒரு பள்ளம். அது வற்றியதற்கு ஊரார் ஒரு கதை சொல்வார்கள். பாவி ஒருவனின் ஆவிக்கு, அந்தக் குளத்து நீரை அரிதட்டினால் அள்ளி இறைக்கும்படி தண்டனை விதிக்கப்பட்டதாம். அரிதட்டில் நீர் நிற்குமா? அவன் செத்த ஆடொன்றின் தோலை உரித்து அரிதட்டுக்குள் விரித்தான். குளத்தையே இறைத்துத் தீர்த்துவிட்டான்! ஆவிக் கதையை நாம் நம்ப வேண்டியதில்லை. ஆனால் விடுகதைக்கென்றே பிறந்த இடம் என்று சொல்ல இந்தக் கதை போதும்.

1854ஆம் ஆண்டு சாக்ஃபர்ட் கிராமத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரொட் என்ற வழிகாட்டி, அந்தக் குளத்தருகே ஒரு கண்ணாடிப் போத்தலை வைத்தார். சிரமப்பட்டு அங்கே வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதில் இட்டுச் சென்றார்கள். பிற்காலத்தில், முகவரி எழுதிய தபாலட்டையை அங்கே விட்டுவருவதும், அடுத்து வருகிறவர் அதை எடுத்துச்சென்று தபாலில் சேர்ப்பதும் வழக்கமாயிற்று. முன்பின் அறியாத ஒருவரை நம்பிக் கடிதத்தை விட்டுவருவது எத்தனை பெரிய விஷயம்! இதனால்தான் அந்த விளையாட்டுக்கு 'கடிதப்பெட்டி' என்ற பெயர் நிலைத்தது. இன்று டார்ட்மூரின் கல்லிடுக்குகளில் இத்தகைய சிறு பெட்டிகள் ஏராளம். ஒவ்வொன்றிலும் ஓர் இறப்பர் முத்திரையும் ஒரு கொப்பியும் இருக்கும். பெட்டியின் முத்திரையை நம் கொப்பியிலும், நம் முத்திரையைப் பெட்டியின் கொப்பியிலும் பதித்துவிட்டு, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட வேண்டும்.

இதே விளையாட்டு செய்மதியின் துணையோடு மறுபிறவி எடுத்தது 2000ஆம் ஆண்டில். அதுவரை பொதுமக்களுக்குக் கிடைத்த ஜீ.பி.எஸ் சமிக்ஞையை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மங்கலாக்கி வைத்திருந்தது. அவ்வாண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடை நீங்கியது. மே 3ஆம் திகதி, ஒரேகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை ஒளித்துவைத்து, அது இருக்கும் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்தில் அறிவித்தார். புத்தகங்கள், ஒரு கவண், ஒரு டின் பீன்ஸ் முதலியன அதில் இருந்தன. மூன்றே நாட்களில் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். 'ஜியோகேச்சிங்' என்று பெயர் பெற்ற இந்த விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. மிருகங்கள் மோப்பம் பிடித்து வரும் என்பதால் இப்போது பெட்டிகளில் உணவுப்பொருள் வைப்பதில்லை.

இவற்றுள் நீலநிறக் கேள்விக்குறியால் அடையாளமிடப்படும் ஒரு வகைதான் விடுகதைப் பெட்டி. இதற்காக அறிவிக்கப்படும் புள்ளி உண்மையான இடமன்று. உண்மையான இடம் பொதுவாக அதிலிருந்து ஏறக்குறைய 3 கிலோமீற்றருக்குள் இருக்கும். விடுகதையை அவிழ்த்தவருக்கே அது தெரியும்.

ஓர் உதாரணம் பாருங்கள். "வடக்கே 50 பாகை 3அ கலை, மேற்கே 3 பாகை 5ஆ கலை" என்று எழுதியிருக்கிறது. 'அ' என்பது கிரான்மியரில் போத்தல் வைத்த ஆண்டின் கடைசி இலக்கம்; 'ஆ' என்பது டார்ட்மூர் தேசியப் பூங்காவான ஆண்டின் கடைசி இலக்கம். இக்கட்டுரையைக் கவனமாகப் படித்த சகோதரி விடையை இதற்குள் கண்டிருப்பார்: வடக்கே 50 பாகை 34 கலை, மேற்கே 3 பாகை 51 கலை. ஆனால் வடக்குத் தெற்காக ஒரு கலை என்பது ஏறக்குறைய 1.85 கிலோமீற்றர்! ஆகவே உண்மையான விடுகதைகளில் கலைக்குப் பின்னும் மூன்று தசமதானங்களைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்போது சுமார் இரண்டு மீற்றர் வரை இடத்தைக் குறுக்கிவிடலாம்.

சில விடுகதைகளில் எழுத்துக்களை மாற்றி எழுதியிருப்பார்கள். அதை அவிழ்க்கும் கலையை முதலில் எழுதிவைத்தவர் யார் தெரியுமா? 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த நம் அறிஞர் அல்-கிந்தி. ஒரு மொழியில் எந்த எழுத்து அதிகம் வரும், எது குறைவாக வரும் என்று எண்ணிப் பார். பின்னர் மறைமொழியில் அதிகம் வரும் குறியை அதனோடு பொருத்திப் பார் என்பது அவர் காட்டிய வழி. அரபியில் அலிஃபும் லாமும் அடிக்கடி வரும். ஆங்கிலத்தில் 'ஈ' என்ற எழுத்து. அவருடைய நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்புல் சுலைமானிய்யா நூலகத்தில் பேணப்பட்டு வந்தது. ஆங்கிலேயர் மறைமொழிக்கு வைத்த 'சைஃபர்' என்ற பெயரும், பூச்சியத்தைக் குறிக்கும் 'ஸிஃப்ர்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்ததே. டார்ட்மூர் மேட்டில் கொப்பியும் பென்சிலுமாக எழுத்துக்களை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு குடும்பம், தனக்குத் தெரியாமலே பக்தாதின் மாணவராகிறது.

அவிழ்ப்பதைவிட ஆக்குவதுதான் கடினம். நல்ல விடுகதைப் பெட்டி வைப்பவர் முதலில் இடத்தைத் தெரிவு செய்வார். நடந்து வருகிறவருக்கு ஓர் அருவியோ, ஒரு பழைய பாலமோ, ஓர் அழகிய காட்சியோ கிடைக்க வேண்டும். பிறகு விடையிலிருந்து பின்னோக்கி விடுகதையைக் கட்டுவார். தலைப்பிலோ ஒரு சொல்லிலோ சிறு திறவுகோலை வைப்பார். வேறொருவரிடம் கொடுத்து அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்பார். கண்டவர் விடை சரியா என்று பார்த்துக்கொள்ள ஒரு வழியும் வைப்பார். பிழையான விடையோடு பிள்ளைகளைச் சதுப்பில் அலையவிடக் கூடாதல்லவா? அறிவுக்கும் நடைக்கும் தனித்தனியாக 1 முதல் 5 வரை கடினம் குறித்துவைப்பதும் இதற்காகவே. கிரான்மியர் இருக்கும் பகுதி இராணுவத்தின் சுடுபயிற்சி நிலம். செங்கொடி பறக்கும் நாட்களில் உள்ளே போகக் கூடாது என்பதைத் தேடுகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

யாராலுமே அவிழ்க்க முடியாத விடுகதையைப் போடுவது எளிது. தான் நினைத்ததை எழுதாமல் விட்டுவிட்டாலே போதும். ஆனால் அது கெட்டித்தனமல்ல, பெருமை. ஒளித்து வைத்தவர், கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று மனதார விரும்ப வேண்டும். காணாத மனிதருக்கும் நேர்மையாக இருப்பதே இந்த விளையாட்டின் உயிர். தேடியவருக்கும் அதே பொறுப்பு உண்டு: பெட்டியிலிருந்து எதையேனும் எடுத்தால் அதற்கு ஈடானதை வைக்க வேண்டும், பெயரை எழுதிவிட்டு முன்போல மூடி வைக்க வேண்டும், விடையைப் பிறரிடம் உடைக்கக் கூடாது. பந்தயமில்லை, பணமில்லை, பரிசில்லை. நாம் இதனை அமானத் என்போம்.

இன்னொரு அமானத்தும் உண்டு. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரில், தெருவோரம் ஒளிக்கப்பட்டிருந்த ஒரு சிறு பெட்டியை வெடிகுண்டென்று சந்தேகித்து, இராணுவத்தார் வந்து தகர்த்துவிட்டார்கள். கேட்பாரற்ற பொதியைக் கண்டால் நெஞ்சு திடுக்கிடும் நாட்களை வாழ்ந்து கடந்த நமக்கு இதை விளக்க வேண்டுமா? வடக்கிலும் கிழக்கிலும் மிதிவெடி அகற்றி முடியாத நிலங்கள் இன்னும் இருக்கின்றன. ஆகவே நம் நாட்டில் பொது இடத்தில் பெட்டி ஒளிப்பதோ, தெரியாத பெட்டியைப் பிள்ளைகள் தொடுவதோ வேண்டவே வேண்டாம். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாகக் கொண்ட நாம், பாதையில் ஒரு பயத்தை வைக்கலாமா?

விளையாட்டை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. நம் வீட்டு வளவு போதும். பள்ளி விடுமுறையில் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் ஒரு கொப்பியை வைத்து ஒளித்துவிடுங்கள். வாசலிலிருந்து எத்தனை அடி கிழக்கே, எத்தனை அடி வடக்கே என்பதை விடுகதையாக்குங்கள். தொழுகைகளின் ரக்அத் எண்ணிக்கை, உம்மம்மா பிறந்த ஆண்டு, கிணற்றுப் படிகளின் எண்ணிக்கை இவையெல்லாம் நல்ல திறவுகோல்கள். உம்மம்மா பிறந்த ஆண்டை அறிய அவரிடமே போய்க் கேட்க வேண்டும்; ஒரு கேள்விக்கு நான்கு கதைகள் கிடைக்கும். அடுத்த நாள் பிள்ளைகளை ஒளித்து வைக்கச் சொல்லுங்கள். அவர்களின் விடுகதை அவிழவில்லையென்றால், "இதை வாசிக்கிறவருக்கு என்ன தெரியும் என்று யோசித்தாயா?" என்று மட்டும் கேளுங்கள். அடுத்த விடுகதையைப் பிள்ளை வேறுவிதமாக எழுதும்.