ஓடத்தான் போனோம்... தரங்கம்பாடியில் மழை பிடித்துக்கொண்டது!

சனிக்கிழமை இரவு 8.40 மணிக்கு அந்த மெசேஜ் வந்தபோது, தயிர் சாதத்துக்கு ஊறுகாய் தொட்டுக்கொள்ளலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் விடியற்காலை 5 மணிக்குக் காரைக்காலில் 21 கி.மீ. ஓட்டம். வயிற்றோடு விளையாட முடியாதே! பக்கத்து இலையில் என் கணவர் வறுத்த சங்கரா மீனை ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் பையனும்தான்.

'மோசமான வானிலை காரணமாக நாளைய ஓட்டம் ரத்து செய்யப்படுகிறது. கட்டணம் திருப்பித் தரப்படாது. பதக்கம் கூரியரில் அனுப்பப்படும்.'

ஓடாத ஓட்டத்துக்குப் பதக்கமா? எனக்கு வந்த கோபத்தில் கணவரின் இலையிலிருந்து பெரிய மீனாகப் பார்த்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டேன். அப்புறம் ரூமுக்குப் போய், பாத்ரூம் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். 44 வயதில் ஓட்டப் பந்தயத்துக்காக அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

நாலு மாதப் பயிற்சி அது. திருச்சியில் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றி, கணவரை எழுப்பி 'பத்து நிமிஷத்துல இறக்கிடுங்க' என்று சொல்லிவிட்டு கொள்ளிடக் கரைக்கு ஓடுவேன். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால் நடக்க ஆரம்பித்தேன். நடை எப்போது ஓட்டமானது என்று எனக்கே தெரியாது. 21 கி.மீ. ஓடுவது இதுதான் முதல் தடவை.

என் மாமியாருக்கு இதில் எதுவுமே பிடிக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். 'துரத்துறதுக்கு ஆளே இல்லாம எதுக்கு ஓடுறா?' என்று ஒரு தடவை பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால், காரைக்கால் போகிறோம் என்றதும், 'நானும் வர்றேன். தரங்கம்பாடியில தங்குங்க' என்று பெட்டியைக் கட்டிவிட்டார். தரங்கம்பாடியை ஒட்டியிருக்கும் பொறையார்தான் அவர் பிறந்த ஊர். அங்கிருந்து காரைக்கால் 15 கி.மீ.க்குள்தான். சரி என்று கிளம்பினோம்.

திருச்சியிலிருந்து ரயிலில் மயிலாடுதுறை. அங்கிருந்து டாக்ஸி. திருக்கடையூரைத் தாண்டும்போதே வடகிழக்கில் வானம் ஈயம் பூசிய மாதிரி இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

தரங்கம்பாடியைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊருக்குள் நுழையும்போதே வெள்ளை வெளேரென்று ஒரு நகர வாசல் நிற்கும். 1792-ல் டேனிஷ்காரர்கள் கட்டியது. அதைத் தாண்டினால் ராஜ வீதி. இரண்டு பக்கமும் தூண் வைத்த பழைய வீடுகள், தேவாலயங்கள். நேரே போனால் கடல். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டென்மார்க்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1845-ல் ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் 1706-ல் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் கற்று, அச்சகம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். அவர் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம் 1718-ம் ஆண்டைச் சேர்ந்தது. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அந்தத் தேவாலயத்திலேயே அடக்கம்.

கோட்டையை எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில்தான். 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. டேனிஷ்காரர்கள் வருவதற்கு 300 ஆண்டுகளுக்கு முன்பே இருந்த கோயில். முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. மிச்சமிருப்பது அலையைப் பார்த்தபடி நிற்கிறது. இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உப்பும் ஈரமும்தான். ஆனால், அந்தக் காற்று முகத்தில் அடித்தால் மனசு லேசாகிவிடும் என்பது நிஜம்.

சனிக்கிழமை மதியம் நாங்கள் போனபோது மனசு லேசாகிற மாதிரி இல்லை. காரைக்கால் துறைமுகத்தில் 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். கடற்கரையில் மீனவர்கள் ஃபைபர் படகுகளை டிராக்டர் வைத்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவரிடம், 'ஐயா, நாளைக்குக் காலையில மழை விட்டுடுமா? காரைக்கால்ல ஓட்டம் இருக்கு' என்று கேட்டேன். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்.

'நாங்களே அஞ்சு நாளா கடலுக்குப் போவல. நீ எங்கம்மா ஓடப் போற?'

என் ஓட்டத்துக்கு நான் கட்டியது 1,200 ரூபாய். அவருக்கு அஞ்சு நாள் வருமானம். இது எனக்கு அப்போது உறைக்கவில்லை. 'மழை விடும்' என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்து ஏமாந்ததுதான் உறைத்தது.

மெசேஜ் வந்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. ஓட்டத்தை நடத்துகிறவர்கள் மேல் கோபம் இருந்தாலும், ரத்து செய்தது சரிதான் என்று மனசுக்குள் தெரிந்தது. ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை பெய்தால் அதை அதி கனமழை என்று வானிலை மையம் சொல்லும். அப்படி ஒரு எச்சரிக்கை இருக்கும்போது, இருட்டில் நூற்றுக்கணக்கான பேரைச் சாலையில் ஓடவிட்டால் யார் பொறுப்பு? மழையில் ஓடலாம், சுகமாகக்கூட இருக்கும். இடி மின்னலில் ஓடக்கூடாது. இதெல்லாம் புத்திக்குத் தெரிகிறது. நாலு மாதம் விடியலைத் தொலைத்த காலுக்குத் தெரியவில்லை.

வழக்கம்போல நாலரைக்கு முழிப்பு வந்துவிட்டது. மழைச் சத்தம் இல்லை. கதவைத் திறந்தால், வராந்தாவில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார்.

'மழை விட்டிருக்கு. வா, கடைத்தெரு வரைக்கும் போய் காபி குடிக்கலாம்' என்றார்.

விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ராஜ வீதியில் நடந்தோம். கடை எதுவும் திறக்கவில்லை. தெருவெல்லாம் வேப்பிலையும் ஒடிந்த கிளையும். அத்தைக்கு 71 வயது, முழங்கால் வலி. மெதுவாகத்தான் வருவார். நகர வாசலுக்குக் கீழே வந்ததும் நின்றுவிட்டார்.

'பொறையார்லேருந்து தினம் இப்படித்தான் பள்ளிக்கூடம் வருவேன். எப்பவும் லேட்டு. இந்த வாசல்ல நுழைஞ்சேன்னா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கிட்டு ஒரே ஓட்டம். மணி அடிச்சு முடிக்கிறதுக்குள்ள உள்ள போயிடுவேன்.'

நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

'எட்டாங்கிளாஸ்ல நூறு மீட்டர்ல நான்தான் ஃபர்ஸ்ட். எவர்சில்வர் டம்ளர் கொடுத்தாங்க. அந்த வருஷமே வயசுக்கு வந்துட்டேன். எங்கப்பா பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டாரு. அப்புறம் ஓட்டம் ஏது?'

'அந்த டம்ளர் எங்க அத்தை?'

'ஏன், நீதான் தினம் அரிசி அளக்குற!'

கல்யாணமாகி 19 வருடங்களாக அந்த டம்ளரில்தான் அரிசி அளக்கிறேன். அடியில் ஏதோ பொறித்துத் தேய்ந்துபோன எழுத்து இருக்கும். பாத்திரக்கடையில் போட்ட பெயர் என்று நினைத்திருந்தேன். அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அவர் பிள்ளைக்கே தெரியாது என்று பிற்பாடு கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தைதான் சொன்னார், 'போ, ஓடு. இந்தத் தெருவுலயே ஓடு. நான் எண்ணுறேன்.'

புதிய எருசலேம் தேவாலயத்துக்கு எதிரே ஒரு திண்ணையில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். நான் நகர வாசலிலிருந்து கடல் வரைக்கும், கடலிலிருந்து வாசல் வரைக்கும் ஓடினேன். ஒரு தடவைக்கு ஏறக்குறைய அரை கிலோ மீட்டர், கொஞ்சம் கூட இருக்கலாம். அத்தையைத் தாண்டும்போதெல்லாம் 'மூணு', 'நாலு' என்று குரல் வரும். ஆறாவது தடவை, 'கையை ஏன் அப்படி வீசுற? ஒடம்போட வெச்சுக்க' என்று சொன்னார். கோச் மாதிரி! அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

கடல் பக்கம் திரும்பும்போதெல்லாம் அலை கோட்டைச் சுவருக்கு முன்னால் கருங்கல் தடுப்பில் மோதி மேலே எழும்பியது. முகத்தில் உப்புத் தண்ணீர். ஒரு நாய் கொஞ்ச தூரம் கூடவே ஓடி வந்து, சலித்துப்போய் நின்றுவிட்டது.

மணி ஆறரை இருக்கும். கடல் பக்கம் மின்னியது. நான் கவனிக்காமல் ஓடிக்கொண்டிருந்தேன். அத்தை கையைக் காட்டி நிறுத்தினார். 'மின்னல் பாத்ததுலேருந்து எண்ணுறேன். பதினெட்டுல இடி கேக்குது. வா, போதும்.'

மூன்று நொடிக்கு ஒரு கிலோ மீட்டர் என்று கணக்கு. பதினெட்டு என்றால் ஆறு கிலோ மீட்டர் தூரத்தில் இடி. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டாலே வெளியில் நிற்கக்கூடாது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும் என்பார்கள். இதைப் படித்துத் தெரிந்துகொண்ட நான் ஓடிக்கொண்டிருக்கிறேன். படிக்காத அத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். ரூமுக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை கொட்டிவிட்டது. ஓடலாம் என்றால் அத்தைக்கு முழங்கால். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்துதான் போனோம்.

கணவரும் பையனும் அப்போதுதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள். 'எங்கம்மா போனீங்க?' என்று என் பையன் கேட்டான். 'அப்பாயிகிட்ட கேளு' என்றேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு, 'காபி குடிக்கப் போனோம். கடை திறக்கல' என்று முடித்துவிட்டார்.

மதியம் மழை கொஞ்சம் குறைந்ததும் ஆட்டோ பிடித்துப் பொறையார் போனோம். அவர் பிறந்த வீடு இருந்த இடத்தில் ஒரு செல்போன் கடை இருந்தது. 'நல்லா கட்டியிருக்காங்க' என்றார். இறங்கவில்லை. அன்றைக்கு ஊரில் புது மீனே கிடையாது. கருவாட்டுக் குழம்பும் சுட்ட அப்பளமும்தான் மதியச் சாப்பாடு. யாரும் குறை சொல்லவில்லை.

சாயந்திரம் ரயிலில் வாட்ச்சைப் பார்த்தேன். 6.9 கி.மீ. காட்டியது.

'பதிமூணு தடவை ஓடியிருக்கேன் அத்தை.'

'பதினாலு' என்றார்.

'இல்ல அத்தை, வாட்ச்ல பாருங்க, கோடு கோடா பதிமூணுதான் இருக்கு.'

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். 'நான்தானே எண்ணினேன். பதினாலு.'