இப்னுல் ஹைஸமின் பெயரும் நம் வீட்டு இருட்டறையும்



நம் மீலாது மேடைகளில் இப்னுல் ஹைஸம் என்ற பெயர் அடிக்கடி ஒலிக்கிறது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து, 11ஆம் நூற்றாண்டில் ஒளியைப் பற்றி ‘கிதாபுல் மனாழிர்’ எழுதிய மேதை அவர். அவரைப் போற்றுவதோடு, அவர் செய்ததில் ஒன்றையேனும் நாம் செய்து பார்க்க வேண்டாமா?

அவருடைய சோதனை ஒன்று மிக எளியது. இருட்டறைக்கு ஒரு துளை. அதன் எதிரே வெளியில், வெவ்வேறு இடங்களில் பல விளக்குகள். அறைக்குள் விளக்குக்கு ஒன்றாக ஒளிப்புள்ளிகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் அதன் புள்ளி மட்டுமே மறையும். ஒரே துளையில் புகுந்தும் ஒளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை.

அவ்வாறாயின், ஒளியோடு ஒளி சேர்ந்து இருள் உண்டாகுமா? உண்டாகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தாமஸ் யங், மெல்லிய அட்டையொன்றால் சூரியக் கதிரை இரண்டாகப் பிரித்தார். அட்டையின் நிழலுக்குள் ஒளியும் இருளும் மாறிமாறிக் கோடுகளாகத் தெரிந்தன. ஒளி அலையாதலால், முகடும் முகடும் சேருமிடம் ஒளிர்கிறது. முகடும் பள்ளமும் சேருமிடம் இருள்கிறது. இதுவே குறுக்கீட்டு விளைவு. இரு தனி விளக்குகளின் அலைகள் ஒழுங்கின்றி மாறிக்கொண்டே இருப்பதால், அவற்றில் இக்கோடுகள் நிலைப்பதில்லை. ஒரே ஒளி பிரிந்து மீண்டும் சேர வேண்டும்.

அம்பத்தூரில் நாம் ஓதிக்கொடுக்கும் மக்தபில், மக்ரிபுக்குப் பின் இதைச் செய்தோம். அட்டையில் துளையிட்டு, குறுக்கே ஒரு தலைமுடியை ஒட்டி, லேசர் பாயிண்டரின் ஒளியை அதன்மீது பாய்ச்சினோம். இரண்டு மீட்டர் தொலைவிலிருந்த சுவரில் செந்நிறப் பட்டைகளும் இடையிடையே கருமையும் தெரிந்தன.

“ஹஜ்ரத், முடியின் நிழல் ஒன்றுதானே விழணும்?” என்றான் ஒரு சிறுவன்.

முடியின் இருபுறமும் சென்ற ஒளி சுவரில் மீண்டும் சேர்வதை விளக்கினோம். அடுத்தடுத்த கருங்கோடுகளின் இடைவெளி 18 மி.மீ. ஒளியின் அலைநீளம் 650 நானோமீட்டர். அதைத் தொலைவால் பெருக்கி இடைவெளியால் வகுத்தோம். முடியின் தடிமன் ஏறக்குறைய 0.07 மி.மீ. எனக் கிடைத்தது.

“ஓதுற நேரத்துல இது எதுக்கு ஹஜ்ரத்?” என்று ஒரு தந்தை வினவினார். நியாயமான கேள்வி. கேள்விப்பட்டதையெல்லாம் பரப்புவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். முன்னோர் எழுதியதையும் சோதித்தே ஏற்க வேண்டும் என்றார் இப்னுல் ஹைஸம். வாட்ஸ்அப்பில் வரும் ‘அறிவியல் அற்புதங்களை’ ஆராயாமல் அனுப்பும் இக்காலத்தில், சரிபார்க்கும் பழக்கமும் மார்க்கப் பயிற்சியே. குறுக்கீட்டு விளைவை இப்னுல் ஹைஸம் கண்டறிந்ததாகச் சொன்னால், அது அவருக்குப் பெருமை சேர்க்காது.

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் மாணவராயிருந்த சி.வி. ராமன் 1906இல் வெளியிட்ட முதல் ஆய்வுரையும், செவ்வகத் துளையால் உண்டாகும் ஒளிப்பட்டைகளைப் பற்றியதே.

லேசர் பெரியவர் கையிலேயே இருக்கட்டும். ஒளி எவர் கண்ணிலும் படலாகாது. உம்மாவின் முடியையும் அத்தாவின் முடியையும் மாற்றிமாற்றி வையுங்கள். மெல்லிய முடிக்கே கோடுகள் அதிகம் விலகும். ஏன் என்பதைப் பிள்ளைகளே கண்டு சொல்லட்டும், இன்ஷா அல்லாஹ்.