பூட்டுதலும் ஆளறிதலும்

கல்லூரியை விட்டு நீங்கிய பின் யாம் மேற்கொண்ட தொழில் கணினிக்கு நிரல் எழுதுதலாகும். அத்தொழிலில் யாம் செய்த தவறொன்றினை இம்மலரில் எழுதத் துணிந்தோம். வெற்றிகளை எழுதுவார் பலர் உளராதலின், தவற்றினை எழுதுவார் ஒருவரேனும் இருத்தல் இளைய மாணவர்க்குப் பயன்படும் என்பது எம் கருத்து.

சில ஆண்டுகளுக்கு முன் யாமும் நண்பர் இருவரும் சிறிய வலைச் சேவையகம் ஒன்றையும், பிற மென்பொருள்கள் அதனை அழைத்துப் பேசுதற்கான நிரல்நூலகம் ஒன்றையும் ஆக்கியிருந்தோம். வணிக நிலையங்கள் சில அவற்றின் வழியே தத்தம் கணக்குகளை அனுப்பி வந்தன. தபாலட்டையில் எழுதியதை வழியிலுள்ளார் எவரும் படித்தல் கூடுமன்றோ? அவ்வாறே கணக்கும் கடவுச்சொல்லும் வெளிப்படையாகச் சென்றன. இக்குறையை நீக்க மறைகுறியாக்கத்தைச் சேர்ப்பதென முடிவு செய்தோம்.

இம்முறை புதியதன்று. நெற்ஸ்கேப் நிறுவனம் 1995 இல் எஸ்.எஸ்.எல். என்னும் பெயரால் வெளியிட்டது, 1999 இல் ரி.எல்.எஸ். எனப் பெயர் மாறி, 2018 இல் 1.3 ஆம் பதிப்பாகத் திருந்தி நிற்கின்றது. இணைப்புத் தொடங்கும்பொழுது சேவையகம் தன் சான்றிதழை நீட்டும். அதில் நம்பத்தக்க அதிகாரபீடத்தின் வழிவந்த கையொப்பம் உளதோ, அதிலுள்ள பெயர் அழைத்த பெயர்தானோ, அதன் காலம் கடவாததோ என அழைத்தவர் ஆராய்தல் வேண்டும். சான்றிதழுக்குரிய இரகசியத் திறவுகோல் தன்னிடம் உண்டென்பதைச் சேவையகமும் நிறுவுதல் வேண்டும். இவையாவும் நிறைவேறிய பின்னரே பேச்சு நிகழும்.

சேவையகத்தின் பக்கத்து வேலை எளிதாயிற்று. சான்றிதழை உரிய இடத்தில் வைத்து, 443 ஆம் இலக்க வாயிலைத் திறந்தோம். நூலகத்தின் பக்கத்திலேதான் இடர் நேர்ந்தது. சோதனைக்காக யாமே கையொப்பமிட்டு ஆக்கிய சான்றிதழை நூலகம் ஏற்க மறுத்தது. மறுத்ததே முறை. யாமோ அவசரத்தினால், சான்றிதழை ஆராய வேண்டா என ஒரு வரியை எழுதினோம். பின்னர் நீக்குவோம் என்றிருந்தோம், மறந்தோம். அவ்வரியோடே நூலகம் வெளிவந்தது.

ஓராண்டு கழிந்தது. ஒருநாட் காலை சேவையகத்தின் சான்றிதழ் காலங்கடந்து போயிற்று. உலாவியிற் பார்த்தவர்க்கெல்லாம் எச்சரிக்கை தோன்றியது. எம் நூலகத்தைக் கொண்டு இயங்கியவை மட்டும் யாதொரு தடையுமின்றி வேலை செய்தன. “எங்கள் நூலகம் எவ்வளவு உறுதியானது!” என்று நண்பர் ஒருவர் மகிழ்ந்தார். எமக்கோ உடல் வியர்த்தது. நிற்கவேண்டிய இடத்தில் அது நிற்கவில்லையே! இடையில் ஒருவன் புகுந்து போலிச் சான்றிதழை நீட்டியிருப்பின், நூலகம் கடவுச்சொல்லைப் பூட்டி அவன் கையிலேயே கொடுத்திருக்கும். கள்வனிடம் ஒப்படைக்கும் பெட்டிக்குப் பூட்டு எதற்கு?

பதிவேடுகளிலே தீங்கின் அடையாளம் எதுவும் காணப்படவில்லை. எனினும், இத்தகைய களவு அடையாளம் வைத்துச் செல்வதன்று. ஆதலின் வணிகர் ஒவ்வொருவரிடமும் நேரிற் சென்று உண்மையை உரைத்து, கடவுச்சொற்களை மாற்றுவித்தோம். ஒருவர் எம்மை விட்டு நீங்கினார். அவரைக் குறைகூற எமக்கு உரிமை இல்லை.

பின்னர் நூலகத்தைத் திருத்தினோம். ஆராய்தலே இயல்பாயிற்று. சோதனைச் சான்றிதழை நம்புவோர் பட்டியலிற் சேர்த்தோமேயன்றி, ஆராய்தலை நிறுத்தவில்லை. காலங்கடந்தது, பெயர் மாறியது, தானே கையொப்பமிட்டது என மூவகைச் சான்றிதழ்களை நீட்டி, மூன்றையும் நூலகம் மறுத்தாலன்றி வெளியிடுவதில்லை என விதி செய்தோம். பெயர்பெற்ற பைதன் மொழியின் நூலகமும் 2014 டிசெம்பரில் 2.7.9 ஆம் பதிப்பு வரும்வரை இயல்பாகச் சான்றிதழை ஆராயாதிருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். ஆயினும், பெரியோர்க்கும் நேர்ந்ததென்பதால் எம் பிழை சிறிதாகிவிடாது.

திருக்குறளிலே தெரிந்து தெளிதல் என ஓர் அதிகாரம் உண்டு. எம் ஆசிரியர் அதனை மனனஞ் செய்வித்தபோது, அரசர்க்குரியதென எண்ணியிருந்தோம். ஒரு வரி நிரலுக்கும் அஃது உரியதென உணர எமக்கு இத்துணைக் காலஞ் சென்றது. தம்பிமாரே, பூட்டுமுன் ஆளை அறிமின்.

விழாக் காணும் எம் கல்லூரி அன்னை நீடு வாழ்க.