சத்தத்தையும் எழுதிக் கொடுப்போம்

கலிஃபோர்னியாவில் வீடு விற்பவர் டிஸ்க்ளோஷர் படிவம் ஒன்றை நிரப்பித் தர வேண்டும். 1987 முதல் இது சட்டப்படி கட்டாயம். கூரை, அஸ்திவாரம், குழாய் என்று கேட்டுக்கொண்டே வரும் படிவம், அக்கம்பக்கத்துச் சத்தமோ வேறு தொல்லையோ இருப்பது உங்களுக்குத் தெரியுமா என்றும் கேட்கிறது. ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஆம் என்றால் விளக்கம் எழுத வேண்டும்.

ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டை விற்க முடிவு செய்தபோது, மற்ற கேள்விகளை மளமளவென்று முடித்துவிட்டு இந்தக் கேள்விக்கு வந்து நின்றோம். பக்கத்து வீட்டு கராஜில் வெள்ளி, சனி இரவுகளில் டிரம்ஸ் பயிற்சி நடக்கும். பதினோரு மணி தாண்டியும் எங்கள் படுக்கையறைச் சன்னல் கண்ணாடி அதிரும். நேரில் பேசிப் பார்த்தோம். போலீசுக்கும் போன் செய்தோம். பயிற்சி ஓயவில்லை.

"அண்ணா, வாங்குறவங்க வந்து பாத்துட்டுத்தானே வாங்குறாங்க? நாமளே எழுதிக் குடுத்து விலையக் குறைச்சுக்கணுமா?" என்றார் நண்பர். அவர் கவலை புரிந்தது. இங்கே நம்மில் பலருக்கு வீடுதான் ஆயுள் சேமிப்பு.

ஆனால் ஓப்பன் ஹவுஸ் வைப்பது சனி, ஞாயிறு மதியத்தில். அப்போது கராஜ் கதவு மூடிக் கிடக்கும், தெருவே அமைதியாக இருக்கும். அலெக்ஸாண்டர் - மெக்நைட் வழக்கில் 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சுட்டிக்காட்டியது: சந்தடி ஓய்ந்த நேரம் பார்த்து வீட்டைக் காட்டினால் அண்டை வீட்டுத் தொல்லை வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. 1998இல் ஷப்பிரோ - சதர்லேண்ட் வழக்கு வந்தது. நடுவில் ஓர் இடமாற்ற நிறுவனம் வாங்கி விற்றது என்பதற்காக, பக்கத்து வீட்டுச் சத்தத்தைச் சொல்லாமல் விட்ட முதல் உரிமையாளரின் பொறுப்பு நீங்கிவிடாது என்றது நீதிமன்றம். 'இருக்கிறபடியே விற்கிறேன்' என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டாலும் இந்தக் கடமை போகாது.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் எழுதியிருப்பேன். வாங்க வருபவரும் எங்களைப் போல முப்பது வருடக் கடனுக்குக் கையெழுத்துப் போடுபவர்தான். ஒழுகும் கூரையைப் பணம் கொடுத்து மாற்றலாம். பக்கத்து வீட்டை என்ன செய்வது? கைக்குழந்தையைத் தூங்க வைக்க முடியாமல் அவர் விழித்திருக்கும் இரவுக்கு, தெரிந்தும் 'இல்லை' என்று குறித்தவரே பொறுப்பு.

எழுதுவதிலும் நிதானம் வேண்டும். அண்டை வீட்டார் எப்படிப்பட்டவர்கள் என்பது நமக்கு வேண்டாத பேச்சு. எந்த நாள், எத்தனை மணி வரை, எந்த அறையில் கேட்கிறது, போலீசில் புகார் செய்தோமா, இவ்வளவுதான் எழுதினேன்.

வாங்குபவர்களுக்கும் ஒன்று. ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தப் படிவம் நேரில் கைக்கு வந்தால், 3 நாளுக்குள் விலகிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை காத்திருக்காமல், பிடித்த வீட்டை ஒரு முறை இரவில் போய்ப் பாருங்கள்.

எங்கள் படிவத்தைப் படித்த தம்பதி ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்து படுக்கையறையில் நின்று கேட்டார்கள். விலையைக் குறைத்துக் கேட்டார்கள்; சம்மதித்தோம். அதை நஷ்டக் கணக்கில் நான் எழுதவில்லை. அந்தச் சத்தத்தோடு சேர்த்து அந்த வீட்டின் நியாயமான விலை அதுதான்.